எசெனுக்கு ஆறடி

கனிஷாய்: "உன் புருஷன் செத்தா எங்கே கொண்டு போய்ப் புதைப்பே?"ன்னு அண்ணன் அன்னைக்கு என்னைப் பார்த்துக் கேட்டாரே... அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல, அண்ணி.

பூருல்: எந்த அண்ணன்?

கனிஷாய்: எத்தனை அண்ணன் இருக்காங்க எனக்கு? அதோ, அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து சேணத்துக்குத் தையல் போட்டுக்கிட்டு, காது கேட்காத மாதிரி இருக்காரே உங்க வீட்டுக்காரர், அவர்தான். இந்த ஊர் முல்லா.

ஷர்ஷென்: ம்.

பூருல்: அது எப்பவோ கேட்டது. என் தம்பி ஆத்துல முழுகி ஞானஸ்நானம் வாங்கிட்டு, ஈரத் தலையோட வந்து வாசல்ல நின்னான். கோபத்துல கேட்டுட்டார். அதை இப்ப எதுக்குக் கிளறுறே? டீயைக் குடி.

கனிஷாய்: குடிக்கிறேன்... அண்ணி, விளிம்பு வரைக்கும் ஊத்திட்டீங்களே. கிளம்புன்னு சொல்றீங்களா?

பூருல்: அய்யோ... கவனம் எங்கேயோ போச்சுடி. கொடு இப்படி, பாதியாக்கித் தர்றேன். விருந்தாளியை விரட்ட நினைக்கிறவதான் நிறைய ஊத்துவா. உன்னை நான் எதுக்கு விரட்டப் போறேன்?

கனிஷாய்: அதுவும் நல்ல கிண்ணம். நீலப்பூ போட்டது.

பூருல்: அதுக்கென்ன?

கனிஷாய்: எனக்கும் அவருக்கும் எப்பவும் அந்த ஓரம் உடைஞ்ச கிண்ணம்தானே. மதம் மாறினவங்க கிண்ணம். ஜன்னல்ல தனியா கவுத்து வச்சிருப்பீங்க. அவர் உள்ளே வந்ததும் முதல்ல கேட்பார்...

பூருல்: "அக்கா, என் கிண்ணம் பத்திரமா இருக்கா? வேற எவனும் வாய் வைக்கலையே?" ...திமிர் பிடிச்சவன்.

கனிஷாய்: இன்னைக்கு அதைக் காணோமே.

பூருல்: உடைஞ்சிடுச்சு. நேத்து. கை தவறி.

ஷர்ஷென்: கை தவறல. சுவத்துல எறிஞ்சா.

பூருல்: நீங்க தையலைப் பாருங்க!

கனிஷாய்: யார் மேல கோபம்?

பூருல்: பூனை மேல... பிள்ளைங்க எங்கே? ஏன் தனியா வந்தே?

கனிஷாய்: நரின்ல எங்கம்மா வீட்ல விட்டிருக்கேன்.

பூருல்: ஸ்கூல் இருக்குமே.

கனிஷாய்: ரெண்டு நாள் போகலைன்னா ஒண்ணும் ஆகிடாது... என் போன் எங்கே அண்ணி? இங்கேதானே வச்சேன்.

பூருல்: சார்ஜ் போட்டிருக்கேன்.

கனிஷாய்: கரண்டே இல்லையே.

பூருல்: வந்ததும் ஏறும்.

கனிஷாய்: சரி, இருக்கட்டும். யார் கூப்பிடப் போறாங்க.

பூருல்: ஏன்? எசென் கூப்பிட மாட்டானா?

கனிஷாய்: ...அங்கே மலை மேல ஏது சிக்னல்.

பூருல்: ம். ஏது சிக்னல்... இன்னொரு ரொட்டி எடுத்துக்கோ. பாலாடையைத் தொட்டுக்கோ, புதுசு.

கனிஷாய்: இறங்கல அண்ணி. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஒருவேளை... ஒருவேளைதான் சொல்றேன்... அவருக்கு அங்கே ஏதாவது ஆயிட்டா, உங்கப்பா பக்கத்துல இடம் கொடுப்பீங்களா? அந்தச் சரிவுல, வேலி ஓரமா. நான் வந்ததே இதைக் கேட்கத்தான்.

பூருல்: வாயைக் கழுவு.

கனிஷாய்: கழுவிட்டே கேட்கிறேன். கொடுப்பீங்களா?

பூருல்: என்னைக் கேட்டா? மையவாடிச் சாவி என் இடுப்புலயா தொங்குது? அதோ, அவரைக் கேளு.

ஷர்ஷென்: ஊரைக் கேட்கணும்.

கனிஷாய்: ஊர் உங்களைத்தானே அண்ணே கேட்கும்.

ஷர்ஷென்: பக்கத்து ஊர்ல உங்க சபைக்காரி ஒருத்தியைப் புதைச்சாங்க. மறுநாளே தோண்டி எடுத்து வேலிக்கு வெளியே வச்சிட்டாங்க. தெரியுமில்ல?

கனிஷாய்: தெரியும்.

ஷர்ஷென்: இங்கேயும் அப்படி ஆனா? என் மச்சினனை நானே ரெண்டு தடவை புதைக்கணுமா?

பூருல்: "ஆனா"ன்னுதானே கேட்கிறா. அதுக்கே இப்படிச் சீறுறீங்க.

ஷர்ஷென்: சீறல. குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கு.

கனிஷாய்: போன பனிக்காலத்துல தூர்தூபெக்கைப் புதைச்சீங்களே. குடிச்சிட்டு ரோட்டோரம் விறைச்சுக் கிடந்தவரை. பொண்டாட்டி பல்லை உடைச்சவர். அவருக்கு நீங்கதானே முன்னால நின்னு தொழுகை நடத்தினீங்க.

ஷர்ஷென்: அவன் குடிகாரன். காஃபிர் இல்ல.

கனிஷாய்: எசெனும் குடிச்சவர்தானே. ஆத்துல முழுகுறதுக்கு முந்தி எத்தனை தடவை நீங்களே தூக்கிட்டு வந்து என் வாசல்ல போட்டிருக்கீங்க. அப்பவே அவர் செத்திருந்தா...

பூருல்: அப்பா பக்கத்துல இடம் கிடைச்சிருக்கும். யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க.

கனிஷாய்: அவரும் இதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஒரு பாட்டிலைக் கீழே வச்சேன், ஆறடி மண்ணு போச்சு"ன்னு.

பூருல்: உங்க போதகர் என்ன சொல்றார்? அவர்கிட்ட இடம் இல்லையா?

கனிஷாய்: பிஷ்கெக்ல ரஷ்யக்காரங்க கல்லறைத் தோட்டத்துல இருக்காம். கல்லுல "இரத்தசாட்சி", விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்னு பொறிக்கலாம்கிறார். படம் எடுத்து வெளிநாட்டுச் சபைகளுக்கு அனுப்பணுமாம்.

பூருல்: அதுக்குள்ள கல்லு வரைக்கும் பேசியாச்சா?

கனிஷாய்: ...பொதுவா. பொதுவா சொன்னார் அண்ணி.

பூருல்: பொதுவா... நீ என்ன சொன்னே?

கனிஷாய்: அவருக்கு ரஷ்யப் பேச்சே வராது, பக்கத்துல படுத்திருக்கிறவங்களோட எப்படிப் பேசுவார்னு கேட்டேன்.

பூருல்: நாசமாப் போறவளே... சிரிப்பு வருதுடி.

கனிஷாய்: சிரிங்க. அவருக்குப் பிடிக்கும்.

பூருல்: சொல்லு. இன்னைக்காவது உள்ளதைச் சொல்லு. அவன் அங்கே போனது சரியா?

கனிஷாய்: தெரியல.

பூருல்: தெரியலையா! இத்தனை வருஷமா ரெண்டு பேரும் என் தலை மேல ஏறி உட்கார்ந்து விசுவாசம், ஊழியம்னு ஓதிட்டு... இப்பத் தெரியலையா?

கனிஷாய்: போகும்போது தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

பூருல்: மடத்தனம். நான் சொல்றேன் கேட்டுக்கோ, சுத்த மடத்தனம். பாமிர் உச்சியில, எல்லைக்கு அந்தப் பக்கம், ஆளுக்கு ஆள் துப்பாக்கி வச்சிருக்கிற இடத்துல... அவனை யாராவது வாடான்னு கூப்பிட்டாங்களா?

கனிஷாய்: ஒருத்தி கூப்பிட்டா.

பூருல்: எவ?

கனிஷாய்: போன வருஷம் முதல் தடவை போனப்ப. மாவு, மருந்து, அப்புறம் அந்தச் சின்னப் பெட்டி. விரல் நீளம்கூட இருக்காது. அமுக்கினா நம்ம கிர்கிஸ் பேச்சுல சுவிசேஷம் படிக்கும். அங்கே மேல இருக்கிறவங்களும் நம்ம ஜனம்தானே, இதே பேச்சு. ஒரு கூடாரத்துல ஒரு பொம்பளை. பெத்ததுல ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் மண்ணுக்குக் கொடுத்தவ. கேட்டுட்டு, "அந்தக் குரலை இன்னொரு தடவை வை"ன்னாளாம்.

பூருல்: அப்புறம்?

கனிஷாய்: அவ்வளவுதான். பெட்டியில பேட்டரி தீர்ந்துபோச்சு. திரும்ப வந்து வைக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டார்.

பூருல்: அவ பேரு?

கனிஷாய்: கேட்க மறந்துட்டாராம்.

பூருல்: பேரு தெரியாத ஒருத்திக்கு ஒரு பெட்டியைத் திரும்ப அமுக்கிக் காட்டுறதுக்காக, பேரு தெரிஞ்ச ரெண்டு பிள்ளைங்களை விட்டுட்டு...

கனிஷாய்: ம்.

பூருல்: அந்த ஊர்ப் பெரியவன் என்ன சொன்னான்? அதையும் சொல்லு. இந்த மனுஷனும் கேட்கட்டும்.

கனிஷாய்: "மாவு கொண்டு வா, மருந்து கொண்டு வா. அந்தக் குரலை மட்டும் கொண்டு வராதே. கொண்டு வந்தா உன்னை என்னால காப்பாத்த முடியாது"ன்னார்.

ஷர்ஷென்: நல்ல மனுஷன். முன்னாடியே சொல்லியிருக்கான்.

பூருல்: அப்புறமும் கொண்டு போறானே! மாவோட விட்டா என்ன? பசிச்சவனுக்கு ரொட்டி கொடுத்தா போதாதா உங்க ஆண்டவனுக்கு?

கனிஷாய்: நானும் அதையே கேட்டேன். "அவ மாவு கேட்கலையே"ன்னார்... அப்புறம் கோட்டைக் கழட்டிக் கொடுத்து உள்துணியில பை தைக்கச் சொன்னார்.

பூருல்: தைச்சியா?

கனிஷாய்: தைச்சேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பை. சோதனை போட்டாலும் தெரியாத மாதிரி. நான் நல்லா தைப்பேன்னு ஊரே சொல்லுமே அண்ணி...

பூருல்: அழாதே.

கனிஷாய்: அழல. புகை.

பூருல்: ...ஆமா. அடுப்புல வறட்டி ஈரம்.

கனிஷாய்: "விரல்ல ஊசி ஏறிடுச்சு, நாளைக்குத் தைக்கிறேன்"னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாவு ஏத்திட்டுப் போன தொக்தோசுன் லாரி அவரை விட்டுட்டுப் போயிருக்கும். அந்த வாரமே கணவாய்ல பனி மூடிடுச்சு. ஒரு பொய், அண்ணி. ஒரே ஒரு பொய். அதுக்குக்கூட நான் பயந்தேன், பாவம்னு.

பூருல்: நீ பொய் சொல்லியிருந்தா அவனே உட்கார்ந்து தைச்சிருப்பான், கோணல்மாணலா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். ஆட்டுக்குட்டி ஆத்துல விழுந்துடுச்சுன்னு பின்னாலயே குதிச்சான். குட்டி தானா நீந்திக் கரையேறிடுச்சு. இவனைத்தான் கயிறு போட்டு இழுத்தாங்க.

கனிஷாய்: குட்டியை அவர்தான் காப்பாத்தினார்னு என்கிட்ட சொன்னார்.

பூருல்: பொய்யன்! குட்டி கரையில நின்னு இவனைப் பார்த்துக் கத்திக்கிட்டு இருந்துச்சு... புறப்படுறதுக்கு முந்தி இங்கே வந்தான். தெரியுமா உனக்கு?

கனிஷாய்: தெரியும். முலாம்பழம் கொண்டு வந்தாரே.

பூருல்: நான் திறக்கல. தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு உள்ளேயே நின்னேன். "உன் சாமியைத் திறக்கச் சொல்லு"ன்னேன். பழத்தைப் படியில வச்சிட்டுப் போயிட்டான். உன்கிட்ட வந்து என்ன சொன்னான்?

கனிஷாய்: "அக்கா வீட்ல இல்ல"ன்னார்... அண்ணி, அழாதீங்க.

பூருல்: புகை. ஏங்க, அந்த அடுப்பைக் கொஞ்சம் கிளறி விடுங்களேன்!

கனிஷாய்: வெளியே கூடாரக் கம்பளியெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கீங்களே. இந்தக் குளிர்ல முற்றத்துல கூடாரம் போட்டா அது செத்தவங்களைக் கிடத்தத்தானே. யார் வீட்டுக்கு?

பூருல்: யார் வீட்டுக்கும் இல்ல. பூச்சி அரிக்குது, காயப் போட்டேன்.

கனிஷாய்: பனியிலயா?

பூருல்: பனியிலதான் பூச்சி சாகும்.

கனிஷாய்: அந்தக் குதிரை? கொட்டில்ல விடாம முற்றத்துலயே கட்டி வச்சிருக்கீங்க? சாவு விருந்துக்கு அறுக்கத்தானே இப்படிக் கட்டுவாங்க?

பூருல்: விக்கப் போறோம். போலீஸ்காரி மாதிரி கேட்கிறா பாரு!

கனிஷாய்: சரி, சரி. கேட்கல.

பூருல்: ...எங்கப்பா போனப்ப எனக்கு எப்படிச் சொன்னாங்க தெரியுமா? மேட்டுப் புல்வெளியில மந்தையோட இருந்தேன். பெரியப்பா வந்தார். "உங்கம்மாவுக்கு முட்டி வலி, கூப்பிடுறா"ன்னார். வந்து பார்த்தா சொந்தமெல்லாம் வட்டமா உட்கார்ந்திருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு பகல் முழுக்க எனக்கு டீ ஊத்திக் கொடுத்தாங்க. டீ, ரொட்டி, பழங்கதை, மறுபடி டீ. நம்ம ஜனம் சாவை நேரா சொல்லாதே. எல்லாரும் வந்து சேரணும், பெரியவங்க மெல்ல மெல்லப் பேச்சைத் திருப்பணும்...

கனிஷாய்: உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

பூருல்: முதல் கிண்ணத்துலயே. எங்கம்மா என்னை ஒரு வேலைகூட ஏவல. எங்கம்மாவாவது, என்னைச் சும்மா உட்கார வைக்கிறதாவது! அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் குடிச்சேன். அவங்க வாயால சொல்ற வரைக்கும் அப்பா உசிரோட இருந்தார்ல.

கனிஷாய்: ...இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி.

பூருல்: குடி. நல்லா குடி... ஒருவேளை, நீ சொன்ன மாதிரி ஒருவேளை, அவனுக்கு அப்படி ஆச்சுன்னா, ஒப்பாரி வைப்பியா? உங்க சபையில கூடாதாமே.

கனிஷாய்: அங்கே பாட்டுதான். நித்திரைன்னுதான் சொல்லுவோம், சாவுன்னு சொல்ல மாட்டோம்.

பூருல்: பொண்டாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழாம ஒரு ஆம்பளையை மண்ணுக்குள்ள அனுப்புறதா? தூர்தூபெக்குக்குக்கூட அவ பல்லு போன வாயோட ராகம் போட்டு அழுதாளே.

கனிஷாய்: நானும் அழுவேன். ஒப்பாரியைக் கட்டிட்டேன், பாதி.

பூருல்: என்னது, கட்டிட்டியா?

கனிஷாய்: ...பஸ்ல வரும்போது. சும்மா. பொழுது போகாம.

ஷர்ஷென்: கனிஷாய்.

கனிஷாய்: சொல்லுங்க அண்ணே.

ஷர்ஷென்: ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லு. கடைசியா உன்கிட்ட பேசினப்ப அவன் பயந்திருந்தானா?

கனிஷாய்: பயந்தார். மூர்காப்லேர்ந்து கூப்பிட்டார், எல்லை தாண்டுறதுக்கு முந்தி. "வயிறு கலக்குது கனிஷாய், நிக்கவே மாட்டேங்குது. சபையில இதைச் சொல்லிடாதே"ன்னார்.

பூருல்: அப்பத் திரும்ப வேண்டியதுதானே! லாரி திரும்புச்சுல்ல?

கனிஷாய்: நானும் சொன்னேன். திரும்பிடுங்கன்னு சொன்னேன் அண்ணி, நிஜமா சொன்னேன். "எனக்கு வயித்தைக் கலக்குதுங்கிறதுக்காக அவ காத்திருக்கிறது இல்லைன்னு ஆயிடுமா"ன்னார்.

ஷர்ஷென்: மடையன்.

கனிஷாய்: அண்ணே, நானும் ஒண்ணு கேட்கலாமா? உங்க தாத்தா மடையரா?

பூருல்: ஏய்! எங்கே வந்து என்ன பேசுறே?

கனிஷாய்: தெரிஞ்சுதான் பேசுறேன். அந்த ரஷ்யக்காரங்க காலத்துல பாங்கு சொல்லக் கூடாது, சொன்னா சுடுவோம்னு சர்க்கார்ல சொன்னாங்க. அவர் கூரை மேல ஏறிச் சொன்னார். பெருநாளைக்குப் பெருநாள் நீங்க சொல்ற கதைதானே. எசென் சின்ன வயசுல உங்க மடியில உட்கார்ந்து கேட்டது. "மச்சான் அந்தக் கதையைச் சொல்லாம இருந்திருந்தா நான் நல்ல குடிகாரனாவே இருந்திருப்பேன்"னு சொல்லுவார்.

ஷர்ஷென்: அப்படியா சொன்னான்?

கனிஷாய்: எத்தனையோ தடவை.

ஷர்ஷென்: ...எங்கப்பா அப்பக் குழந்தை. மூத்தது அவர்தான். தாத்தாவைக் கொண்டு போன பனிக்காலத்துலயே பசியில ரெண்டு தங்கச்சி போயிடுச்சு. சாகுற வரைக்கும் எங்கப்பா ஒண்ணுதான் சொன்னார். "எங்கப்பன் ஒரு மடையன்"னு. பெருநாளைக்கு நான் அந்தப் பாதியைச் சொல்றதில்ல.

பூருல்: என்கிட்டகூடச் சொன்னதில்லையே நீங்க.

ஷர்ஷென்: எப்படிச் சொல்றது? ஆனா ஒரு தொழுகையிலயும் அவர் பேரைச் சொல்லி துஆ கேட்காம எங்கப்பா எழுந்ததில்ல. திட்டுவார், துஆ கேட்பார். திட்டுவார், துஆ கேட்பார்.

கனிஷாய்: தாத்தாவோட கபர் எங்கே அண்ணே?

ஷர்ஷென்: எங்கே. நரின்ல ஏதோ பள்ளத்துல போட்டாங்கன்னு பேச்சு. எங்கப்பா தேடாத இடமில்ல. உட்கார்ந்து திட்டுறதுக்காவது ஒரு பிடி மண்ணு வேணும்னு சொல்லிக்கிட்டே செத்தார்.

கனிஷாய்: நான் சிலுவை கேட்கல அண்ணே. கல்லு கேட்கல, பேரு பொறிக்கக் கேட்கல. என் பையனும் நாளைக்கு அப்படித்தான் திட்டுவான். எங்கே போய்த் திட்டுவான்? பிஷ்கெக்குக்குப் பஸ் பிடிச்சா? வேலி ஓரமா, மழைத் தண்ணி நிக்குற இடமா இருந்தாலும் சரி...

பூருல்: ஏங்க, ஏதாவது சொல்லுங்க. அவ உங்க வாயையே பார்த்துட்டு இருக்கா... என்ன எழுந்துட்டீங்க? டீ அப்படியே இருக்கு.

கனிஷாய்: அண்ணே... நான் தாத்தாவைப் பேசினது தப்புன்னா...

பூருல்: தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போங்க, காது விறைச்சிடும்! ஏங்க!

கனிஷாய்: ஒரு வார்த்தை சொல்லாம போறாரே அண்ணி. முடியாதுன்னு அர்த்தமா?

பூருல்: ஜன்னல்கிட்டே போய்ப் பாரு. கொட்டில்லேர்ந்து என்ன எடுக்கிறார்?

கனிஷாய்: கண்ணாடியெல்லாம் பனி... இருங்க, துடைக்கிறேன். கடப்பாறை. அப்புறம் தோள்ல... வறட்டி மூட்டை.

பூருல்: எந்தப் பக்கம் போறார்?

கனிஷாய்: சரிவுப் பக்கம்.

பூருல்: நிலம் இரும்பா உறைஞ்சு கிடக்கு. இப்பவே மேல நெருப்பு போட்டு இளக்கினாத்தான் நாளைக்கு மதியத்துக்குள்ள வெட்ட முடியும்.

கனிஷாய்: ஊரைக் கேட்கணும்னாரே?

பூருல்: அவர் கடப்பாறையோட அங்கே நின்னா, ஊர் வந்து அவரைக் கேட்கட்டும்.

கனிஷாய்: நாளைக்கு மதியமா... அண்ணி, நான் ஒருவேளைன்னுதானே கேட்டேன்.

பூருல்: நானும் காலையிலேர்ந்து ஒருவேளைன்னுதான் பேசிட்டு இருக்கேன், கண்ணு. எந்த லாரியில போனானோ அதே லாரியிலதான் வர்றான். கணவாய்ல பனியை ஒதுக்கி வழி விட்டுட்டாங்கன்னு தொக்தோசுன் நேத்து உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிட்டான். சொந்தமெல்லாம் விடிஞ்சாத்தான் வந்து சேரும். அது வரைக்கும் உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இப்படி டீயா ஊத்திக்கிட்டு இருந்தேன்.

கனிஷாய்: ...எனக்கு முந்தாநாளே சொல்லிட்டாங்க, அண்ணி. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நான் குடிச்சுக்கிட்டே இருந்தேன்.